கிணறுகள்மேல் நிற்கும் கோவில்: எழும்பூர் கிர்க் பற்றி நம்ம ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

பொறையாறு, மயிலாடுதுறை, கும்பகோணம் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போகிறவர்களிடம், "எழும்பூரில் இறங்கியதும் ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்திரேயா கோவிலைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்வது என் வழக்கம். சொன்னதும் கேள்விகள் வரும். பார்த்துவிட்டு வந்த பிறகு இன்னும் அதிகமாக வரும். வீட்டுக்கு பிளான் போட வருகிறவர்கள்கூட வந்த வேலையை விட்டுவிட்டு இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கலாமே என்றுதான் இந்தப் பக்கம். கட்டட வரைபடம் போடுவது என் தொழில். அப்பா கொத்தனார், உறைகிணறு இறக்குவதில் பெயர் எடுத்தவர். அதனால் என் பதில்கள் சுவர், சுண்ணாம்பு, அஸ்திவாரம் என்றே போகும்.

எந்தக் கோவிலைச் சொல்கிறீர்கள்? எங்கே இருக்கிறது?

எழும்பூரில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் புனித அந்திரேயா கோவில், 'கிர்க்' என்று சொல்லும் கிறித்தவக் கோவில். இப்போது அந்தச் சாலைக்கு ஈ.வெ.ரா. பெரியார் சாலை என்று பெயர். உழவன் எக்ஸ்பிரஸில் போனால் விடியற்காலை எழும்பூரில் இறக்கிவிடுவான். ரயில் நிலையத்தின் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கத்து வாசல் வழியாக வெளியே வாருங்கள். ஆட்டோ வேண்டாம், நடந்தே போகலாம். மரங்களுக்கு மேலே வெள்ளைக் கோபுரம் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே போனால் போதும்.

'கிர்க்' என்று ஏன் சொல்கிறார்கள்?

ஸ்காட்லாந்துக்காரர்கள் கோவிலுக்குச் சொல்லும் சொல் அது. சென்னையில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகக் கட்டியதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அந்திரேயாதான் ஸ்காட்லாந்தின் காவல் புனிதர். தரங்கம்பாடிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: டேனிஷ் மொழியில் கோவிலுக்கு 'கிர்க்கே' என்று பெயர். 1620இலிருந்து 1845வரை நம்ம கடற்கரையில் இருந்த டேனிஷ்காரர்கள் ராஜ வீதியில் நின்று கோவிலைக் காட்டிச் சொல்லியிருக்கக்கூடிய சொல்லும் ஏறக்குறைய இதேதான்.

கிர்க் பிரெஸ்பிடேரியன் கோவில் என்கிறார்களே, அப்படியென்றால் என்ன? மற்ற சபைகளுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

சபையை நடத்தும் முறையில்தான் பெரிய வித்தியாசம். 'பிரெஸ்பிட்டர்' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தமிழ் வேதாகமத்தில் 'மூப்பர்' என்று இருக்கிறது. ஆங்கிலிக்கன் சபையில், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையில், பேராயர் இருப்பார். பிரெஸ்பிடேரியன் சபையில் மூப்பர்கள் கூடி உட்கார்ந்து நிர்வாகம் செய்வார்கள், போதகரும் அவர்களோடு ஒருவர். ஆராதனையில் வசனத்தை வாசிப்பதும் பிரசங்கமும்தான் முதன்மை. படம், சிலை, அலங்காரம் எல்லாம் குறைவு.

கட்டடத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது முக்கியம். பிரசங்கம்தான் நடுநாயகம் என்றால், எல்லாரும் போதகரைப் பார்க்க வேண்டும், எல்லாருக்கும் காது கேட்க வேண்டும். பலிபீடத்தை நோக்கி நீளமாகப் போகும் மண்டபம் இதற்கு அவ்வளவு தோதில்லை. கிர்க்கின் வடிவத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றை மனதில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

கட்டியது யார்? எப்போது?

கிழக்கிந்தியக் கம்பெனி. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணத் தலைநகரங்களிலும் ஸ்காட்லாந்து சபைக்கு ஒவ்வொரு கோவில் கட்டித் தருவதென்று கம்பெனி முடிவு செய்தது. மூன்றுக்குமே அந்திரேயா பெயர்தான். சென்னைக் கோவிலுக்கு 1818 ஏப்ரல் 6இல் அடிக்கல் நாட்டினார்கள். முதல் ஆராதனை 1821 பிப்ரவரி 25இல் நடந்தது. மூன்று வருடத்துக்கும் குறைவு. சதுப்பு நிலத்தில், லாரியும் கலவை இயந்திரமும் இல்லாத காலத்தில், இந்த அளவுள்ள கட்டடத்தை இவ்வளவு சீக்கிரம் முடித்தது என்னைப் பொறுத்தவரை பெரிய காரியம்.

பொறுப்பு எடுத்துக் கட்டியவர் மெட்ராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த மேஜர் தாமஸ் டி ஹாவிலாண்ட். சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல் கட்டியதிலும் அவர் கை உண்டு. காவிரியோடும் அவருக்குச் சம்பந்தம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

டெல்டாவில் ஏன் இப்படி ஒரு பிரெஸ்பிடேரியன் கோவில் இல்லை?

எந்த மிஷன் எந்த ஊருக்கு வந்தது என்பதைப் பொறுத்தது அது. நம்ம பக்கம் புராட்டஸ்டன்ட் மிஷன்களில் முதலில் வந்தவர்கள் தரங்கம்பாடி லுத்தரன்கள். பிறகு தஞ்சை, திருச்சி பக்கம் ஆங்கிலிக்கன்கள் வந்தார்கள். மன்னார்குடி பக்கம் வெஸ்லியன் மெத்தடிஸ்டுகள். ஸ்காட்லாந்து மிஷனின் வேலை சென்னை, செங்கல்பட்டு வட்டாரத்திலேயே இருந்தது. பின்னால் பல சபைகள் ஒன்றாகி, 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. இன்று கிர்க்கும் அந்தத் திருச்சபையில்தான் இருக்கிறது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1701இல் கட்டிய சீயோன் கோவிலும் அப்படித்தான்.

அந்தக் கோவில் கிணறுகள்மேல் நிற்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். நான் எல்லாரையும் போகச் சொல்வதே இதற்காகத்தான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கோவிலுக்குக் கிடைத்த மனை சதுப்பு. மழைக்காலத்தில் தண்ணீர் கட்டும், வெயிலில் இறுகும். இப்படி ஊறி ஊறி இறுகும் மண்ணில் சாதாரண வாணம் தோண்டி அஸ்திவாரம் போட்டால், சுவர் ஒரு பக்கம் இறங்கி வாய் பிளந்துவிடும். நம்ம பக்கம் வாய்க்கால் ஓரம் வீடு கட்டியவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். டி ஹாவிலாண்ட் இந்த ஊரிலேயே புழங்கிய முறையைக் கையில் எடுத்தார். சுமார் 150 கிணறுகளை மண்ணுக்குள் இறக்கினார். 14 அடி ஆழத்திலிருந்து 50 அடி ஆழம்வரை போன கிணறுகள் அவை. அவற்றின் தலைமேல்தான் கட்டடம் எழுந்தது.

கிணறு 'வெட்டுவது' வேறு, 'இறக்குவது' வேறு. இறக்குவதைச் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் மட்டமான தரையில் ஒரு மரவளையத்தை வைப்பார்கள். அதன்மேல் வட்டமாகச் செங்கல் சுவர் எழுப்புவார்கள், இல்லை உறையை அடுக்குவார்கள். ஆள் உள்ளே இறங்கி, வளையத்துக்கு அடியில் இருக்கும் மண்ணைச் சுற்றிலும் ஒரே அளவாக வெட்டி எடுப்பார். மேலே இருக்கும் பாரமே வளையத்தை அழுத்த, முழுச் சுவரும் அங்குலம் அங்குலமாக இறங்கும். இறங்க இறங்க மேலே சுவரை ஏற்றிக்கொண்டே போவார்கள். தோண்டிய குழி சரிந்து விழும் ஈர மண்ணில் இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. சுவர்தானே மண்ணைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எல்லா ஆபத்தும் ஒரு பக்கம் கூடுதலாக வெட்டுவதில் இருக்கிறது. நாலு விரல் அதிகமாக வெட்டிவிட்டால் உறை அந்தப் பக்கம் சாயும். அப்பா நாலு திசையிலும் தூக்குக் குண்டு கட்டித் தொங்கவிட்டு, உள்ளே இருக்கும் ஆளிடம் "கிழக்கே நிறுத்து, மேற்கே ஒரு கூடை எடு" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். ஒருமுறை மணல் சட்டென்று ஊற்றெடுத்து உறை ஒரு சாண் சாய்ந்துவிட்டது. அதை நேராக்க இரண்டு நாள் ஆனது. எதிர்ப்பக்கம் மண்ணை எடுத்து, மேலே மணல் மூட்டைகளை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிமிர்த்தினார்கள். ஒரு கிணற்றுக்கே இவ்வளவு. எழும்பூரில் 150!

கெட்டித் தரை தட்டியதும் கிணற்றை நிரப்பிவிடுவார்கள். பக்கத்துக் கிணறுகளின் தலைகளை வளைவு கட்டி இணைத்து, அதன்மேல் சுவரை எழுப்புவார்கள். கட்டடத்தின் பாரம் மேல் மண்ணில் உட்காராமல் நேரே கீழே கெட்டித் தரைக்குப் போய்விடும். இன்றைக்கு 'பைல் பவுண்டேஷன்' என்று லட்சக்கணக்கில் செலவு செய்து போடுகிறோமே, நோக்கம் ஒன்றுதான்.

அந்தக் கிணறுகளில் தண்ணீர் இருக்குமா? எட்டிப் பார்க்க முடியுமா?

முடியாது. அது அஸ்திவாரம், குடிதண்ணீர்க் கிணறு இல்லை. எல்லாம் தரைக்கு அடியில் போய்விட்டது.

இந்தக் கிணறு முறை வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்ததா?

இல்லை. நம்ம நாட்டுக் கொத்தனார்களும் ஒட்டர்களும் காலங்காலமாகச் செய்துவந்தது. சுடுமண் உறைகிணறுகள் இந்த மண்ணில் எவ்வளவு பழையவை என்று கீழடியிலேயே பார்த்துவிட்டோம். கம்பெனிப் பொறியாளர்கள் இங்கே வந்துதான் கற்றுக்கொண்டார்கள்.

காவிரிக் கரையில் இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. அடி காண முடியாத தளர்ந்த மணலில் எப்படி அஸ்திவாரம் போடுவது என்பதை இந்த ஊர்ப் பழைய கட்டுமானங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் பிற்காலத்தில் எழுதினார். கல்லணையைப் பார்த்துப் படித்த மனிதர் அவர். 1836 வாக்கில் முக்கொம்பில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் கொள்ளிடத்தின் குறுக்கே எழுந்தன. ஆற்று மணலில் கிணறு இறக்கி அதன்மேல் கட்டும் வழியை அந்தக் காலத்துப் பொறியாளர்கள் அணைக்கும் பாலத்துக்கும் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். கிர்க் கட்டி முடித்து 15 வருடம் கழித்து நடந்தவை இவை. ஆக, எழும்பூர்ச் சதுப்பில் கோவிலைத் தாங்கிய அதே தொழில்தான் நம்ம ஆற்றிலும் தண்ணீரைத் தடுத்து நிறுத்தியது.

அந்தக் கிணறுகளுக்குள் இறங்கி மண் அள்ளியவர்கள் ஒருவர் பெயரும் கோவில் சுவரில் இல்லை. டி ஹாவிலாண்ட் பெயர் மட்டும் எல்லாருக்கும் தெரியும். அவர் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை, உள்ளூர் முறையை மதித்து எடுத்துக்கொண்டதே பெரிய குணம். ஆனால் அந்தக் கோவிலுக்குள் நிற்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அடியில் கூடையோடு நின்றவர்கள்தான்.

டி ஹாவிலாண்டுக்கும் காவிரிக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியின் குறுக்கே செங்கல் வளைவுகளால் பாலம் கட்டலாம் என்று அவர் சொன்னார். அவ்வளவு அகலமான வளைவு நிற்காது என்று மற்றவர்கள் சந்தேகப்பட்டார்கள். நிற்கும் என்று காட்டுவதற்காக 1808இல் தனியாக ஒரு வளைவை மட்டும் கட்டி நிறுத்தினார். சுமார் 110 அடி அகலம், முழுக்கச் செங்கல். பாலம் வரவில்லை. வளைவு மட்டும் 1937வரை நின்றது. ஏறக்குறைய 130 வருடம்! பத்து வருடம் கழித்து எழும்பூரில் குவிமாடம் கட்டத் துணிந்தது இந்தத் தைரியத்தில்தான் என்று நினைக்கிறேன்.

கோவில் ஏன் வட்டமாக இருக்கிறது?

லண்டனில் 1726இல் முடிந்த செயின்ட் மார்ட்டின் கோவிலை வடிவமைத்தவர் ஜேம்ஸ் கிப்ஸ். அதற்கு அவர் முதலில் போட்ட திட்டம் வட்டக் கோவில்தான். செலவு அதிகம் என்று அதை ஒதுக்கிவிட்டு நீள்சதுரமாகக் கட்டினார்கள். ஆனால் ஒதுக்கிய வரைபடத்தையும் சேர்த்து 1728இல் அவர் புத்தகமாகப் போட்டுவிட்டார். அந்தப் புத்தகம் கப்பல் ஏறி எங்கெங்கோ போனது. லண்டனில் கட்டாமல் விட்ட வட்டத்துக்கு சென்னையில் உயிர் வந்தது.

உடம்புப் பகுதி ஒரு வட்டம், விட்டம் 81½ அடி. கிழக்கிலும் மேற்கிலும் செவ்வகமாக ஒவ்வொரு பகுதி ஒட்டியிருக்கிறது. மேற்கில் முகப்பும் கோபுரமும், கிழக்கில் பலிபீடம். உள்ளே எந்த பெஞ்சில் உட்கார்ந்தாலும் பிரசங்கம் செய்கிறவர் ரொம்ப தூரத்தில் இருக்கமாட்டார். மூப்பர்கள் வழி நடக்கும் சபைக்கு வட்டம் பொருந்துகிறது என்று எனக்குத் தோன்றும். நம்ம ஊர் மரத்தடிப் பஞ்சாயத்தும் வட்டமாகத்தானே உட்காரும்.

அவ்வளவு பெரிய குவிமாடத்தை எது தாங்குகிறது?

உள்ளே வட்டமாக நிற்கும் 16 தூண்கள். அண்ணாந்து பார்த்தால் ஆழ்ந்த நீலத்தில் பொன் நட்சத்திரங்கள். அதிக உயரமாக எழும்பாத, தட்டையான குவிமாடம் அது. பார்வைக்குச் சாந்தமாக இருக்கும். கட்டுகிறவருக்கு அதுதான் சிரமம்.

தஞ்சைப் பெரிய கோவில் விமானமும் உள்ளே கூடுதான். ஆனால் அங்கே ஒவ்வொரு கல்வரிசையும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே நீட்டி, படிப்படியாகக் குறுகி மேலே மூடுகிறது. பாரம் பெரும்பாலும் நேர் கீழேதான் இறங்கும். குவிமாடம் அப்படி இல்லை. அது கால்களை வெளிப்பக்கமாக உதைக்கும். கூடையைக் கவிழ்த்து மேலே கையை வைத்து அழுத்திப் பாருங்கள், வாய் விரியப் பார்க்கும். தட்டையாக ஆக ஆக உதை கூடும்.

அப்படியென்றால் மெல்லிய தூண்கள்மேல் அதை எப்படி நிறுத்துவது? தூண் வளையத்துக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் ஒரு பிராகாரம் போலச் சுற்றுவழி இருக்கிறது. அதன்மேலும் வளைவுக் கூரை. குவிமாடத்தின் உதையை இந்த வளையமும் அதற்கு அப்பால் இருக்கும் கனமான வெளிச்சுவரும் சேர்ந்து வாங்கிக்கொள்கின்றன. வட்டமாக இருப்பதால் எந்த ஒரு மூலைக்கும் பாரம் குவிவதில்லை, சுற்றிலும் பகிர்ந்துபோகிறது. அதனால்தான் அடியில் கிணறுகளும் ஒழுங்காக வேண்டியிருந்தன. ஒரு பக்கம் இரண்டு அங்குலம் இறங்கினாலும் மேலே வளையம் வெடிக்கும்.

வட்டச் செங்கல் கட்டடத்தைப் பக்கத்திலேயே பார்க்க ஆசையா? பாபநாசம் போகிற வழியில் திருப்பாலைத்துறைக் கோவிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும்தான், மேலே போகப்போகக் குவிந்து மூடும். நெல்லைக் கொட்டினால் அது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுவரைத் தள்ளும், அதற்கு வட்டச் சுவர்தான் சரி. அதைப் பார்த்துவிட்டு கிர்க்குக்குப் போனவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருந்ததே இல்லை.

உள்ளே இருக்கும் தூண்கள் பளிங்குக் கல்லா?

பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தொட்டால் ஜில்லென்றும் இருக்கும். ஆனால் மேலே இருப்பது சுண்ணாம்புப் பூச்சு. சிப்பிச் சுண்ணாம்பை நாள் கணக்கில் ஊறவைத்து, அம்மியில் வெண்ணெய் போல அரைத்து, மெல்லிசாகப் பல தடவை பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது. கடைசிக் கலவையில் முட்டை வெள்ளைக்கரு, தயிர் எல்லாம் சேரும். 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்று வெளிநாட்டவர் அந்தக் காலத்தில் வியந்து எழுதிய பூச்சு இது. கும்பகோணம், தஞ்சாவூரில் பழைய வீட்டுக் கூடத்துச் சுவரில் முகம் தெரிகிற பூச்சு பார்த்திருப்பீர்களே, அதன் உறவுக்காரன்.

தூண் தலையையும் பாருங்கள். வெளியே முகப்பில் இருக்கும் பருத்த தூண்கள் அயோனிக் வகை, ஓலைச்சுருள் போல இரண்டு பக்கமும் சுருண்டிருக்கும். உள்ளே இருக்கும் 16 தூண்கள் கொரிந்திய வகை, தலையில் இலைகள் விரிந்திருக்கும், உடம்பில் மேலிருந்து கீழாக வரிப்பள்ளம் ஓடும். நம்ம கோவில் தூணில் கும்பம், பலகை, போதிகை என்று அடுக்கு இருப்பதுபோல அவர்களுக்கும் ஒரு இலக்கணம் உண்டு.

மின்விசிறி இல்லாத காலத்தில் சென்னை வெயிலுக்கு எப்படிச் சமாளித்தார்கள்?

உயரம், கனமான சுவர், பச்சை நிறச் சட்டப்பலகை ஜன்னல்கள். பலகைகளைச் சாய்த்து வைத்தால் காற்று வரும், நேர் வெயில் வராது. பலிபீடத்துக்கு மேலே வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் இருக்கின்றன. கிழக்குப் பார்த்தவை என்பதால் காலை ஆராதனை நேரத்தில்தான் அவற்றுக்கு உயிர் வரும். மத்தியானம் போனவர்கள் "கண்ணாடி ஒன்றும் பிரமாதம் இல்லையே" என்றால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், காலையில் இன்னொருமுறை போங்கள்.

கோபுரம் எவ்வளவு உயரம்?

166½ அடி. ஒப்பிட்டுப் பார்க்க: தஞ்சைப் பெரிய கோவில் விமானம் சுமார் 216 அடி.

எரியும் செடி மாதிரி ஒரு சின்னம் இருக்கிறதே, அது என்ன?

யாத்திராகமம் மூன்றாம் அதிகாரத்தில் மோசே பார்த்த முட்செடி. நெருப்புப் பிடித்தும் வெந்துபோகாத செடி. ஸ்காட்லாந்து திருச்சபையின் சின்னம் அதுதான். கூட இருக்கும் லத்தீன் வாசகத்துக்கும் 'ஆனாலும் அது வெந்துபோகவில்லை' என்றே பொருள்.

பழைய கோவில் வேண்டுமென்றால் தரங்கம்பாடியே இருக்கிறதே, இதற்காக ஏன் சென்னை போக வேண்டும்?

தரங்கம்பாடியை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனசு வருமா? நான் வளர்ந்ததே அந்தக் காற்றில். ராஜ வீதியில் இருக்கும் புதிய எருசலேம் கோவில் 1718இல் கட்டியது, கிர்க்கைவிட நூறு வருடம் மூத்தது. லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் வந்து, 1707இல் கட்டிய முதல் கோவில் போனபிறகு எழுப்பியது. முகப்பில் டேனிஷ் ராஜா நான்காம் பிரெடரிக்கின் கிரீடமும் பெயரெழுத்தும் ஆண்டும் இருக்கும். சிலுவை வடிவத் தரை அமைப்பு. கோவில் கட்டி முடித்த மறு வருடமே, 1719இல், சீகன்பால்க் காலமானார். 36 வயது. அவரைப் பலிபீடத்துக்கு முன்னால்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள். 2004 சுனாமியில் அந்தக் கோவிலும் அடிபட்டது, பழுதுபார்த்து 2006இல் மறுபடி திறந்தார்கள்.

இரண்டும் சொல்லும் விஷயம் வேறு. தரங்கம்பாடிக் கோவில் அளவில் சின்னது, கையடக்கமானது. தமிழில் வேதாகமத்தை அச்சடித்த ஒரு மிஷன் தன் சபைக்காகக் கட்டிக்கொண்டது. கிர்க் கம்பெனி பணத்தில் எழுந்த பெரிய கட்டடம், பொறியியலில் துணிச்சல் அதிகம். முதலில் தரங்கம்பாடியைப் பாருங்கள். அப்புறம் எழும்பூர்.

தஞ்சாவூர் ஸ்வார்ட்ஸ் கோவிலும் இதே வகையா?

இல்லை. சிவகங்கைப் பூங்கா பக்கத்தில் இருக்கும் அந்தக் கோவில் 1779ஐச் சேர்ந்தது, எளிமையான கட்டடம். அங்கே போனால் பார்க்க வேண்டியது சுவரில் இருக்கும் பளிங்குச் சிற்பம். லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மேன் செதுக்கியது, செய்யச் சொன்னவர் இரண்டாம் சரபோஜி மன்னர். மரணப் படுக்கையில் இருக்கும் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரை மன்னர் வந்து பார்க்கும் காட்சி.

கிர்க்கின் போதகர்கள் பள்ளிக்கூடம் நடத்தினார்களாமே?

ஆமாம். 1835இல் கிர்க்கின் போதகர்கள் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். 1837இல் ஜான் ஆண்டர்சன் ஸ்காட்லாந்திலிருந்து வந்து அதை ஏற்றுக்கொண்டார். அது வளர்ந்துதான் சென்னை கிறித்தவக் கல்லூரி ஆனது. தாம்பரத்தில் படித்த நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது.

எங்கள் ஊர்ப் பழைய கோவிலைப் புதுப்பிக்கப் போகிறோம். கிர்க்கிலிருந்து கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசாதீர்கள்.

பழைய செங்கல் சுவர் கீழேயிருந்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அதை வெளியே விட்டுவிடும். டெல்டா மண்ணில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் இது நாள்தோறும் நடக்கும். சிமென்டைப் பூசி அடைத்தால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே ஏறும். கூடவே உப்பும் ஏறும். ஐந்தாறு வருடத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். அதோடு செங்கல்லின் முகமும் பொடியாகிக் கொட்டும். கடலோரத்தில் ஒரு சின்ன கோவிலில் இதை நான் கண்ணால் பார்த்தேன். நல்ல மனசோடு காணிக்கை சேர்த்து, பளபளவென்று சிமென்ட் பூசி, எமல்ஷன் அடித்தார்கள். இரண்டு மழைக்காலம் போனது. தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை சுவர் பூத்துப்போய், விரலால் சுரண்டினால் செங்கல் மாவாக வந்தது. முந்நூறு வருடம் தாக்குப்பிடிக்கும் சுவரை நாமே கெடுத்துவிட்டோமே என்று அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காரைக்குடிப் பக்கம் விசாரித்தால் கிடைப்பார்கள். கடுக்காய், வெல்லம் ஊறவைத்த தண்ணீரில் கலவை சேர்க்கத் தெரிந்தவரா என்று முதலில் கேளுங்கள். சரி என்றால் ஒரு சின்னச் சுவரில் பூசிக் காட்டச் சொல்லி, ஒரு மழை பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். அப்புறம், கோவிலைச் சுற்றி சிமென்ட் தளம் போட்டு மண்ணை மூடாதீர்கள். தண்ணீர் வடிய வழி விடுங்கள்.

எப்போது போனால் நல்லது?

ஞாயிறு காலை ஆராதனை நேரம். ஆனால் சுற்றிப்பார்க்க இல்லை, பெஞ்சில் உட்காருவதற்கு. பைப் ஆர்கன் ஒலி அந்த நீலக் குவிமாடத்தின் கீழ் எப்படிச் சுழல்கிறது என்று கேட்கலாம். படம் எடுப்பதை ஆராதனை முடிந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள், முதலில் அங்கே இருப்பவர்களிடம் அனுமதி கேளுங்கள். செருப்போடு உள்ளே போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே தடை இல்லை. எங்கள் அப்பா மட்டும் வாசலிலேயே கழற்றிவிட்டார்.

அவரை அழைத்துக்கொண்டு போனது அவருக்கு எழுபது தாண்டிய பிறகு. எல்லாரும் மேலே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு தூணடியில் உட்கார்ந்து, தரையோடு தூண் சேரும் இடத்தைச் சுற்றி உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு அடுத்த தூண், அதற்கடுத்தது. விரிசல் தேடுகிறார் என்று புரிந்தது. நாலாவது தூணில் எழுந்து நின்று, "இருநூறு வருஷமா? ஒரு இடத்திலயும் இறங்கல. உள்ள இறங்கினவன் கை சுத்தம்ப்பா" என்றார்.